எதிர்வீட்டுக்குப் போகும் கொசு

எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் நிலைக்கதவுக்கு அடுத்தபடியாகப் பேசுவது கொசுவலையைப் பற்றித்தான். ஜன்னலுக்கு ஒரு வலை, வாசலுக்கு ஸ்பிரிங் வைத்த வலைக்கதவு, மாடிப்படி வழியாக வருவதைத் தடுக்க மேலே இன்னொன்று. மன்னார்குடியிலிருந்து ஆள் வந்து அளவெடுத்து, அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதையும் மீறி நுழைகிற ஒன்றிரண்டுக்கு பேட் இருக்கிறது, பிளக்கில் செருகுகிற திரவம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ஃபேனும் ஓடவில்லை, திரவமும் வேலை செய்யவில்லை. ராத்திரி முழுக்க விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த அம்மா, மராமத்து வேலை தொடங்கியதும் முதலில் கேட்டது வலைதான். அடித்தோம். இன்றைக்கும் அது நல்ல செலவு என்றே நினைக்கிறேன்.

தெருவின் தெற்குப் பக்கம் அப்படி இல்லை. அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள், அவற்றுக்கு முன்னால் இறக்கிய கீற்றுச் சார்ப்பு, புயலில் பிய்ந்துபோன கூரைக்குப் பதிலாகத் தகரம் போட்டு மூடிய வீடுகள். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஜன்னலுக்கு மட்டும் வலை அடித்து ஒன்றும் ஆகாது. வாசலில் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த ஸ்கிரீன் தொங்கும். மழைச்சாரல் அடித்தால் அதன்மேல் ஒரு சாக்கு. பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. சம்பா நடவு முடிந்து ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்தான் தேங்குகிறது, ஒரே கொசுதான் பறக்கிறது. ஆனால் காய்ச்சல் கணக்கு எடுத்தால் தெற்குப் பக்கம்தான் எப்போதும் கூடுதல். இதை நான் கவனிக்க ஆரம்பித்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் என் சித்தப்பா, இன்னொருவர் எதிர்வீட்டு அக்கா.

சித்தப்பா சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் கும்பகோணத்தில் யானைக்கால் தடுப்புப் பிரிவில் இருந்தார். அந்த நோயின் குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால், ஊர் அடங்கின பிறகு கண்ணாடித் தகடுகளோடு தெருத் தெருவாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் எத்தனையோ வீடுகளின் உட்புறத்தைப் பார்த்தவர் அவர். கொசு எந்தச் சுவரில் உட்காருகிறது, எந்தத் துணிக்குப் பின்னால் ஒளிகிறது என்று இன்றைக்கும் அலுக்காமல் சொல்வார். எங்கள் வீட்டு வலையைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "வலை கொசுவத் தடுக்கும்மா. மருந்து நனைச்ச ஸ்கிரீன் கொசுவக் கொல்லும். ரெண்டும் வேற." அப்போது அது தொழில் தெரிந்தவர் சொல்லும் ஒரு நுணுக்கமாக மட்டுமே பட்டது.

மருந்து நனைத்த திரை என்றால் பெரிய தொழில்நுட்பம் இல்லை. கதவிலும் ஜன்னலிலும் தொங்குகிற துணியை டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தித் தொங்கவிடுவது. கொசுவலைக்குச் சொல்லப்பட்ட அளவு, ஒரு சதுர மீட்டர் துணிக்கு 25 மில்லிகிராம் டெல்டாமெத்ரின். இப்போது நூலிலேயே மருந்தை ஏற்றி, பல சலவைக்குத் தாங்குகிற மாதிரி நெய்த துணிகளும் உண்டு. உள்ளே வருகிற கொசுவும், கடித்துவிட்டு இளைப்பாறுகிற கொசுவும் அந்தத் துணியில் உட்காரும். கால் வழியாக மருந்து ஏறி நரம்பைத் தாக்கும். திரை காற்றில் ஆடினாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தாலும், கதவு திறந்தே கிடந்தாலும் அது வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். வலைக்கு ஒரு ஓட்டை போதும், வேலை முடிந்தது.

புது ஆற்றுக் கரையில்

இந்த யோசனைக்கு எங்கள் மண்ணோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தபோது ஏற்பட்ட உற்சாகத்தை மறைக்க விரும்பவில்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதோடு சேர்ந்த திட்டமாகக் கல்லணைக் கால்வாய், நம் பேச்சில் புது ஆறு, ஒரத்தநாடு பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த அமெரிக்க மருத்துவர் பால் ரஸ்ஸல் 1930-களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இதை ஆராய்ந்தார். அங்கே மலேரியாவைப் பரப்பிய அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு வீட்டுக்குள் வந்து இளைப்பாறுகிற ஜாதி. அப்படியானால் வயல் முழுக்க முட்டைப்புழுவைத் தேடி அலைவதற்குப் பதிலாக, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கொசுவையே கொன்றால் என்ன என்று ரஸ்ஸலும் அவருடைய சகா நைப்பும் கேட்டார்கள். கிராமத்து வீடுகளுக்குள் பைரித்ரம் மருந்தைத் தெளித்துப் பார்த்தார்கள். முதல் பருவத்தின் முடிவுகள் 1939-ல் வெளிவந்தன. வீட்டுக்குள் கொசுவைக் கொல்வதால் ஒரு கிராமத்தின் காய்ச்சலைக் குறைக்க முடியும் என்று டிடிடி பூச்சிக்கொல்லி வருவதற்கு முன்பே காட்டிய இடங்களில் நம் தஞ்சாவூர் ஜில்லாவும் ஒன்று.

பைரித்ரம் என்பது சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுப்பது. வெயில் பட்டால் சீக்கிரம் வீரியம் போய்விடும். 1970-களில் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு, வெயிலைத் தாங்குகிற செயற்கைப் பைரித்ராய்டுகளை உருவாக்கியது. பெர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் அங்கே பிறந்தவைதான். அதன்பிறகுதான் வலையிலும் திரையிலும் மருந்தை ஏற்றி மாதக்கணக்கில் வைத்திருப்பது சாத்தியமாயிற்று. பட்டுக்கோட்டை வீடுகளுக்குள் தெளித்த அந்தப் பூ மருந்தின் வாரிசைத்தான் இன்று கொசுவர்த்திச் சுருளாகக் கொளுத்துகிறோம், பிளக்கில் செருகுகிறோம், திரையில் நனைக்கிறோம். ரஸ்ஸலின் கூட்டத்தார் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள்: நாற்று சுமார் ஒரு அடி உயரம் வளர்ந்துவிட்டால் கியூலிசிஃபேசிஸ் அந்த வயலில் முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. நெருங்கி நிற்கும் தாள்கள் அதன் முட்டையிடும் ஆட்டத்துக்கு இடைஞ்சல். நாற்று நடுகிற ஊரில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது நான் சொல்கிறேன்.

அக்கா சொன்ன வார்த்தை

போன தீபாவளிக்கு முந்தின வாரம் எதிர்வீட்டு அக்காவின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டு, ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்திருந்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பையன் பாயில் படுத்திருந்தான். அக்கா நிலவேம்புக் கசாயம் ஆற்றிக்கொண்டே பேசினார். ஆஸ்பத்திரி, மருந்து, பள்ளிக்கூட லீவு என்று போன பேச்சின் நடுவில் இயல்பாக ஒன்றைச் சொன்னார்: "நீங்கள்லாம் வலை அடிச்சதுலேருந்து கொசு பூரா இந்தப் பக்கம் வந்துடுது டீச்சர். முன்னாடி ரெண்டு பக்கமும் பிரிச்சுக்கிட்டோம்." குறையாகச் சொல்லவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் அங்கேயே இருந்தேன். வீட்டுக்குள் குறுக்காக ஒரு கொடி. அதில் புடவை, லுங்கி, பையனின் சீருடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. மழை நாளில் துணி காயவைக்க வேறு இடம் ஏது? அந்தத் துணிகளின் அடிமடிப்பில், இருட்டான பக்கமாக, கால்களில் வெள்ளைக் கோடு போட்ட கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். பகலில் கடிக்கிறது, காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும் அதிகமாகக் கடிக்கிறது, கடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிக்குப் பின்னால் ஒதுங்குகிறது. பாடத்தில் சொல்லித் தருகிற விஷயம்தான். ஆனால் காய்ச்சல்காரப் பையனுக்கு ஒரு கை தூரத்தில் அதைப் பார்த்தபோது சித்தப்பா சொன்ன "ரெண்டும் வேற" என்பது சட்டென்று புரிந்தது. இந்த வீட்டில் வலை அடிக்கச் சட்டமில்லை, சுவர் சேரவில்லை, கதவு சாத்துவதில்லை. இருப்பதெல்லாம் துணி. கொசு உட்காருவதும் அந்தத் துணியில்தான்.

அக்கா சொன்னது நிஜமா என்ற கேள்வி அதன்பிறகு என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், 2013-ல் வெளியான தான்சானியா ஆய்வு ஒன்று கிடைத்தது. ஒரே ஊரில் சிலர் மேலில் பூசும் கொசுவிரட்டி பயன்படுத்தி, சிலர் பயன்படுத்தாமல் இருந்தபோது, பயன்படுத்தாதவர்களின் வீடுகளில் கொசு கூடிப்போனது. விரட்டப்பட்ட கொசு பசியோடு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அந்த ஆய்வு ஜன்னல் வலையைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கொசுவுக்கும் பசி அதே பசிதானே? இதற்கு நேர் எதிரான முடிவு 2003-ல் மேற்குக் கென்யாவிலிருந்து வந்திருக்கிறது. மருந்து தோய்த்த கொசுவலை கட்டிய வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீடுகளிலும் குழந்தைகளின் சாவு குறைந்தது. மருந்து வலை கொசுவை விரட்டுவதோடு நிற்காமல் கொன்றது. கொன்றதால் அந்த வட்டாரத்துக் கொசுவே குறைந்தது. எங்கள் தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 300 மீட்டர் வராது.

எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. காசு கொடுத்து வாங்குகிற பாதுகாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாங்கியவரைக் காப்பாற்றிவிட்டு ஆபத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளுகிறது. இன்னொன்று வாங்காதவரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. கொசு விஷயத்தில் நாம் முதல் வகையில் கொட்டிய பணத்தையும் இரண்டாவது வகையில் போட்ட பணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

திரை ஜெயித்த ஊரும் ஜெயிக்காத ஊரும்

சரி, அப்படியானால் எல்லா வீட்டிலும் மருந்துத் திரையைக் கட்டிவிட்டால் டெங்கு ஒழிந்துவிடுமா? இல்லை. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். உலகத்தில் இதைச் செய்து பார்த்த ஊர்களின் கதை ஒரே மாதிரி இல்லை.

வெனிசுவேலாவின் ட்ருஹியோவில் மணல் ஈ மூலம் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல் நோய்க்கு எதிராக மருந்துத் திரைகளைத் தொங்கவிட்டார்கள். மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, சாதாரண வலைக் கண் வழியே நுழைந்துவிடும். 2002-ல் வந்த முடிவின்படி, மருந்துத் திரை இல்லாத பகுதிகளில் ஓராண்டில் நூற்றில் எட்டுப் பேருக்கு நோய் கண்டது. மருந்துத் திரை தொங்கிய பகுதியில் ஒருவருக்கும் இல்லை. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 1990-களில் கதவு, ஜன்னல், கூரை இடைவெளி மூன்றிலும் பெர்மெத்ரின் திரை கட்டிப் பார்த்ததில் குழந்தைச் சாவு சுமார் 15 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அடித்துச் சொல்லக்கூடிய எண் இல்லை, ஆனாலும் நம்பிக்கை தருகிற எண். தென்னிந்தியாவிலும் பைரித்ராய்டு நனைத்த சாக்குத் துணித் திரையை வைத்து ஆய்வு நடந்து 1995-ல் வெளிவந்திருக்கிறது. எதிர்வீட்டில் மழைக்குத் தொங்குகிற சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

டெங்குவுக்கு வந்தால் கதை மாறுகிறது. மெக்சிகோவின் வெராக்ரூஸிலும் அதே ட்ருஹியோவிலும் திரையோடு தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மருந்து மூடியும் சேர்த்துப் போட்டு ஏடிஸ் கொசுவைக் குறைக்க முடிந்தது என்று 2006-ல் எழுதினார்கள். திரை போட்ட வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளுக்கும் பலன் போயிருந்தது. ஆனால் கியூபாவின் குவாண்டனமோவில் செய்த சோதனையில் பலனே தெரியவில்லை என்று 2015-ல் சொன்னார்கள். பெருநாட்டில் அமேசான் கரையிலுள்ள இகிடோஸ் நகரத்தில் திரை கட்டிய பகுதிகளிலும் டெங்குத் தொற்று குறையவில்லை என்பது 2020-ல் வந்த முடிவு. ஏன்? அதே இகிடோஸில் செய்த வேறொரு ஆய்வு 2013-ல் வந்தது. டெங்கு ஊருக்குள் பரவுவதற்குக் கொசுவின் பறத்தலைவிட மனிதர்களின் போக்குவரத்துதான் பெரிய காரணம் என்கிறது அது. பகலில் ஒருவர் போய் வருகிற சொந்தக்காரர் வீடு, சிநேகிதர் வீடு, அங்கெல்லாம்தான் கொசு கடிக்கிறது. ராத்திரியில் கடிக்கிற பூச்சிக்கு, ஆள் படுத்திருக்கிற வீட்டில் திரை தொங்கினால் போதும். பகலில் கடிக்கிற ஏடிஸுக்கு அது போதாது.

அக்காவின் பேரனுடைய ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் பால் வாங்கப் பால் சொசைட்டி, அப்புறம் பள்ளிக்கூடம், மதியம் சத்துணவுக் கூடம், சாயங்காலம் அவன் அத்தை வீட்டில் டிவி, டியூஷன், இடையில் ரேஷன் கடை வரிசை, பிள்ளையார் கோயில் மண்டபத்தில் விளையாட்டு. அவனை எந்த இடத்தில் கொசு கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? அவன் வீட்டு வாசலில் மட்டும் மருந்துத் திரை தொங்கியிருந்தால் காய்ச்சல் வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. திரை என்பது ஒரு வீட்டுக்காரர் வாங்கி மாட்டுகிற சாமானாக இருக்கும்வரை அதற்குப் பலம் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும், அங்கன்வாடியிலும், வகுப்பறை ஜன்னலிலும், சத்துணவுக் கூடத்திலும் சேர்ந்தாற்போல் தொங்கினால்தான் அது மருந்து. இல்லையென்றால் வெறும் துணி.

எங்கள் தெருவில் நனைத்தது

சித்தப்பாவைக் கேட்டு, அவர் மேற்பார்வையில், சில வீடுகளுக்குத் திரை நனைத்தோம். வடக்குப் பக்கம் சிலர், தெற்குப் பக்கம் சிலர். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஒரு தெருவில் நடந்ததை வைத்துக் காய்ச்சல் குறைந்தது, கூடியது என்று எதுவும் பேச முடியாது. ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படிக்க முடியாத சிலவற்றை அங்கே பார்த்தேன்.

கேள்விப்பட்டதும் தெருவில் ஒரு தம்பி சொன்னது: "எதுக்கு அலையணும், வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்ல மிச்சம் இருக்கு, அதுலயே முக்கிடலாமே?" சித்தப்பா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வயல் மருந்தில் கலந்திருக்கிற கரைப்பான் எண்ணெய்கள் வேறு, வீட்டுத் துணிக்கென்று தயாரிப்பது வேறு. குழந்தை பிடித்து இழுத்து வாயில் வைக்கிற துணி அது. டெல்டாவில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணை மூலையிலும் பூச்சிமருந்து டப்பா இருக்கிறது. அதனால் இந்த ஆபத்தை நான் அழுத்தியே சொல்கிறேன்: தயவுசெய்து அந்த டப்பாவைத் தொடாதீர்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி தாக்கிய வயலில் செயற்கைப் பைரித்ராய்டு அடித்தால் புகையான் இன்னும் பெருகும் என்று வேளாண்மைக்காரர்கள் பலகாலமாகச் சொல்லியும் அடிக்கிறவர்கள் அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வளர்கிற கொசுவும் அதே ரக மருந்தைக் குடித்து வளர்கிறது.

அடுத்தது குளம். பைரித்ராய்டு மனிதருக்குக் கொஞ்சம், மீனுக்கு மிக அதிக விஷம். நனைத்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரும், திரையைத் துவைத்த தண்ணீரும் குளத்தில் கலந்தால் கெண்டைக் குஞ்சு மிதக்கும். எங்கள் தெருவில் துணி துவைப்பது பெரும்பாலும் குளத்துப் படித்துறையில். மீன் பாசிக் குத்தகை எடுத்தவரின் வீடும் அதே தெருவில்தான். கொல்லையில் பள்ளம் வெட்டி, அங்கே மட்டும் கழுவ வேண்டும், குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கொண்டுபோகக் கூடாது என்று சித்தப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டு நனைத்தோம். அப்படியும் ஒருவருக்கு முகத்தில் குறுகுறுவென்று ஊறல் எடுத்தது. அது இந்த மருந்தின் குணம், சில மணி நேரத்தில் போய்விட்டது. பூனை இருக்கிற வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும், பூனையின் உடம்பால் இந்த மருந்தை எளிதில் கழிக்க முடியாது.

எதிர்வீட்டு அக்காவுக்குத் திரை பிடித்துப்போனது. காலையில் வாசல் பெருக்கும்போது நிலைப்படிக்குக் கீழே செத்த கொசு கிடப்பதை எல்லோருக்கும் காட்டினார். கண்ணால் பார்க்கிற சாவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. புகை மருந்து அடித்த மறுநாள் கொசு எங்கே போனது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் போகி வந்தது. போகிக்கு வெள்ளையடித்து வீட்டிலுள்ள துணியெல்லாம் எடுத்துத் துவைக்காத வீடு உண்டா? நனைத்த திரைகளில் பாதிக்குமேல் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய்ந்தன. பொங்கலுக்குப் புதுசாக வாங்கி மாட்டியவர்கள் பழைய திரையை மடித்துப் பரணில் வைத்துவிட்டார்கள். வெனிசுவேலாவிலும் தாய்லாந்திலும் இதேதான் நடந்திருக்கிறது. முதலில் பெரும்பாலான வீடுகள் ஆசையாக வாங்கி மாட்டின, மாதம் போகப் போக மாட்டியிருக்கிற வீடுகள் குறைந்தன, பலனும் கூடவே குறைந்தது. இதை ஜனங்களின் அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று யோசிக்காமல் கொடுத்தால், அந்த ஊரின் பண்டிகை அதைத் துவைத்துப் போட்டுவிடும். எங்கள் பக்கத்துக்கு ஆவணி, புரட்டாசியில் நனைத்தால் மழைக்காலம் முழுக்க நிற்கும். தை மாதத்தில் துவைத்தால் நஷ்டம் பெரிதில்லை.

தெற்குப் பக்கத்து வீடுகளின் வாசலில் நீல பிளாஸ்டிக் டிரம்கள் அப்படியேதான் இருந்தன. குழாயில் தண்ணீர் தினமும் வராது, வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தாக வேண்டும். காவிரிக் கடைமடையில் இது எல்லா ஊரின் கதை. அந்த டிரம்மின் விளிம்பில் ஏடிஸ் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வருகிற பெண்களைக் கண்டால் சில வீடுகளில் டிரம்மை உள்ளே இழுத்து வைக்கிறார்கள், குடிக்கிற தண்ணீரில் மருந்து எதற்கு என்று. இறுக்கமாக மூடுகிற மூடி கொடுத்தால் அந்தச் சண்டையே வராது. மெக்சிகோவிலும் ட்ருஹியோவிலும் திரையோடு மூடியையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதை நம் ஊரில் யாராவது கவனிக்க வேண்டும்.

இந்த அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். டிரம்முக்கு மூடி முதல் கோரிக்கை. அங்கன்வாடி, பள்ளி, சத்துணவுக் கூடம், துணைச் சுகாதார நிலையம் இவற்றின் ஜன்னல்களுக்கு நூலிலேயே மருந்து ஏற்றிய திரை அடுத்தது. அதற்குப் பிறகு, தெருத் தெருவாக, இரண்டு பக்கமும் ஒரே நாளில், வலை அடித்த வீடு அடிக்காத வீடு என்று பார்க்காமல் எல்லோருக்கும் திரை. வலை இருக்கிற வீட்டுக்கு எதற்கு என்று கேட்பார்கள். அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறோம். மருந்து வாங்குவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கொசு அந்த மருந்துக்குச் சாகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பதைச் சித்தப்பா பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னார். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு நாட்டில் பல இடங்களில் பைரித்ராய்டுக்குப் பழகிவிட்டது, ஏடிஸும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. புதுச்சேரியில் 1975 முதல் கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் இயங்குகிறது, நமக்குத் தூரமில்லை. சோதனையும் சிக்கலில்லை: மருந்துத் தாள் சுற்றிய குழாய்க்குள் கொசுவை ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணிப் பார்ப்பது. நூற்றுக்கு 98 செத்தால் மருந்து கேட்கிறது. 90-க்குக் கீழே போனால் அந்த மருந்தில் திரை நனைப்பது வீண், வேறு ரகம்தான் பார்க்க வேண்டும்; அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் பஞ்சாயத்து ஒரு ரூபாய்கூட செலவழிக்கக் கூடாது என்று மனுவின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறோம்.